வாசகர் கேள்வி – பதில்: கருப்புப் பூனையும் ஜன்னல் வெளிச்சமும்

கேள்வி: எங்கள் வீட்டுக் கருப்புப் பூனை எப்போதும் ஜன்னலில்தான் உட்கார்ந்திருக்கும். போனில் எடுத்தால் கரிக்கட்டை மாதிரி வருகிறது. ஃப்ளாஷ் போட்டால் கண் இரண்டும் பச்சையாக எரிகிறது. ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்ட ஒரு நல்ல படம் வேண்டும், எடிட் செய்து சரிப்படுத்த முடியுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: எடிட்டிங்கை அப்புறம் பார்ப்போம், முதலில் பூனையை ஜன்னலிலிருந்து இறக்குங்கள். பின்னால் வெயில் கொட்டினால் போன் அந்த வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், பூனை அதில் மாட்டிக்கொள்கிறது. சரி என்று கிட்டப்போய்த் திரை முழுக்கப் பூனையாகவே எடுத்தால் நேர்மாறு நடக்கும், எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் வழக்கம் என்பதால் கருப்பு வெளுத்துவிடும்.

ஆகவே ஜன்னல் பூனைக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் வெயில் வேண்டாம். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் ரோமத்தின் விளிம்பில் பட்டு மினுங்கும்போதுதான் கருப்புக்குள் தாடை, கன்னம், காது எல்லாம் தனித்தனியாகத் தெரியும். பின்னணியில் வெள்ளைச் சுவர் கூடாது, பழைய மரக்கதவோ பழுப்புப் போர்வையோ போதும். தரையில் படுத்து, பூனையின் கண் உயரத்துக்குப் போனை இறக்கி, திரையில் கண் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலான போன்களில் ஃபோக்கஸ் அங்கேயே நிற்கும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தி, ரோமம் கருப்பாகவும் அதே சமயம் இழை தெரியும்படியும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு, இரவில் அதற்குக் கண் தெரிய உதவுவது அதுதான், ஃப்ளாஷில் எரிவதும் அதுதான். மனிதர்களின் சிவந்த கண்ணைச் சரிசெய்யும் கருவி சிவப்பைத் தேடுவது, இந்தப் பச்சைக்கு அது உதவாது. ரொம்ப இருட்டான அறையும் ஆகாது, கண் பாப்பா அகலமாக விரிந்து கண்ணின் மஞ்சளையே விழுங்கிவிடும்.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடை நான் பூனைக்குப் பரிந்துரைப்பதில்லை. மீசை முடி எது, பின்னணி எது என்று தெரியாமல் பாதி மீசையை மழுங்கடித்துவிடும். பூனைக்கும் சுவருக்கும் நடுவே ஏழெட்டு அடி இடைவெளி விட்டு, போனில் 2 மடங்கு லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். சாப்பிட்டு முடித்துச் சொக்கிக் கிடக்கும் நேரம் நல்லது. பார்வை உங்கள் பக்கம் திரும்ப பிஸ்கட் கவரை ஒரு தடவை கசக்குங்கள், அந்த நேரத்தில் பர்ஸ்டில் வரிசையாக எடுத்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டாவது தடவை கசக்கினால் அது உங்களை மதிக்கப் போவதில்லை.

இப்போது எடிட். ஸ்னாப்சீட் ஆப் போதும், இலவசம்தான். ஷேடோஸை, அதாவது இருண்ட பகுதிகளின் வெளிச்சத்தை, கொஞ்சமாக ஏற்றுங்கள், அதிகம் ஏற்றினால் கருப்பில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பும். ரோமம் நீலம் பாய்ந்திருந்தால் ஒயிட் பேலன்ஸைச் சற்று மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். கண் ஓரத்துப் பீளையை ஹீலிங் கருவியில் தொட்டு எடுக்கலாம். செலக்டிவ் புள்ளியை முகத்தில் வைத்து அங்கே மட்டும் வெளிச்சம் கூட்டலாம். கண்ணின் நிறத்தை ஏற்றாதீர்கள், பொம்மைக் கண் ஆகிவிடும். நாய்ஸைக் குறைக்கிறேன் என்று வழவழப்பாக்கினால் ரோமம் பிளாஸ்டிக்.

பிரிண்டுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். 12 மெகாபிக்சல் படம், அதிகம் வெட்டாமல் இருந்தால், 12க்கு 18 அங்குலம் வரை தாங்கும். போன் திரையைவிடக் காகிதத்தில் இருட்டாகத் தெரியும், கருப்புப் பூனைக்கு இது பெரிய தொல்லை, அதனால் முதலில் 4க்கு 6 அளவில் ஒன்று போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்களுடையது வெள்ளைப் பூனை, அழுக்கு நிறத்தில் விழுகிறது. (வாசகர், மதுரை)

பதில்: அதே காரணம், எதிர்த்திசை. எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஏற்றுங்கள், முதுகு ரோமத்தின் இழை மறையத் தொடங்குமுன் நிறுத்துங்கள். குளிப்பாட்ட வேண்டியதில்லை.

கேள்வி: பூனைக்காகவே ஒரு கேமரா வாங்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: தாராளமாக, வீட்டில் சம்மதித்தால். மிருகங்களின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோக்கஸ் செய்யும் வசதி சோனியின் ஆல்ஃபா 7 III மாடலுக்கு 2019இல் மென்பொருள் அப்டேட்டாகவே வந்தது, பழைய கேமரா பாடி வாங்குபவர்கள் அப்டேட் செய்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் பூனைக்கு ஷட்டர் வேகம் 1/500 வினாடிக்குக் கீழே வேண்டாம், தூங்கும் பூனைக்கு உங்கள் போனே போதும்.