முதல் பயிற்சிக்கூடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் தாம்பரத்தில் வசிக்கிறேன். வயது 19. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பள்ளி நாட்களில் மூன்று ஆண்டுகள் சிலம்பம் பழகினேன். குத்து, உதை, மல்யுத்தப் பிடிகள் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டைப் போட்டிகளில் இறங்க வேண்டும் என்பது என் விருப்பம். வீட்டுக்கு அருகிலேயே ஒரு கராத்தே பள்ளி இருக்கிறது. 'எம்.எம்.ஏ.' என்று பலகை வைத்த ஜிம் ஒன்றும் புதிதாகத் திறந்திருக்கிறது. பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் பழைய குத்துச்சண்டை கிளப் ஒன்றும், அதே வழியில் ஜூடோ சொல்லித்தரும் இடமும் உண்டு. எந்தக் கலையில் தொடங்குவது? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அப்பா, "எதுவானாலும் அடிபடாமல் கற்றுக்கொள்" என்கிறார்.

க., தாம்பரம்

அன்புள்ள தம்பிக்கு,

எந்தக் கலை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்பாக, அந்த நான்கு இடங்களிலும் மாணவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். விட்டுக்கொடுக்காமல் எதிர்த்து நிற்கும் ஒருவரிடம், தான் கற்றதைச் செய்துபார்க்கும் வாய்ப்பு வாராவாரம் மாணவருக்குக் கிடைக்கிறதா? முதல் பள்ளியைத் தேர்ந்தெடுக்க நான் நம்பும் அளவுகோல் இது ஒன்றுதான்.

இதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். பள்ளிப் பருவத்தில் எங்கள் ஊரில் ஒரு மாஸ்டரிடம் மூன்று ஆண்டுகள் பழகினேன். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் கட்டணம் கட்டினோம். ஆண்டு விழாவில் ஓடு உடைத்தோம். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் ஒருநாள்கூட ஒருவரோடு ஒருவர் மோதிப் பார்த்ததில்லை. கல்லூரியில் ஜூடோ சேர்ந்த முதல் வாரம், என்னைவிடப் பத்துக் கிலோ குறைவான ஒரு பையன் என் சட்டைக் கழுத்தைப் பிடித்த வேகத்தில் நான் மல்லாந்து கிடந்தேன். தென்னைநார் அடைத்துத் தார்ப்பாய் போர்த்திய பயிற்சி மெத்தை (மேட்) அது. அவன் என் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் அமர்ந்துவிட்டான். மூன்று ஆண்டுகள் காற்றில் வீசிப் பழகிய கைகளுக்கு அந்த எடையை என்ன செய்வதென்று தெரியவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகத் தரையைத் தட்டினேன். அவன் உடனே விட்டுவிட்டு, எப்படி இடுப்பைத் திருப்பி வெளியே வர வேண்டும் என்று அங்கேயே காட்டிக்கொடுத்தான். அந்த ஒரு நிமிடத்தில் கற்றது முந்தைய மூன்று ஆண்டுகளில் கற்றதைவிட அதிகம் என்று இன்றும் நினைக்கிறேன்.

எதிர்ப்போடு பழகும் இந்த முறையின் வேர் ஜப்பானில் இருக்கிறது. 1882இல் தோக்கியோவின் எய்ஷோ-ஜி கோயிலில் ஜிகோரோ கானோ தம் ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது, பழைய ஜுஜுத்சு மரபுகளில் இருந்த குத்து, உதை, எலும்பு முறிக்கும் உத்திகள் போன்ற ஆபத்தானவற்றைக் கட்டா என்னும் வரிசைப் பயிற்சிக்குள் வைத்துவிட்டு, எறிவதையும் அமுக்கிப் பிடிப்பதையும் முழு பலத்தோடு எதிர்த்துப் பழகும் ராண்டோரிக்கு என்று பிரித்தார். கொடிய உத்திகளை ஒதுக்கினால் கலை வலுவிழக்கும் என்று தோன்றலாம், நடந்தது வேறு. காயமின்றி நாள்தோறும் முழு வேகத்தில் மோத முடிந்ததால் அவருடைய மாணவர்களுக்கு உண்மையான எதிர்ப்பு பழகிப்போனது. அந்தப் பள்ளியின் வழிவந்த மிட்சுயோ மயேதா பிரேசிலின் பெலேம் நகரில் கார்லோஸ் கிரேசிக்குக் கற்றுக்கொடுத்தார். கார்லோஸின் தம்பி மகன் ராய்ஸ் கிரேசி, 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. (எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் நிறுவனம்) போட்டியில், ஏறத்தாழ 80 கிலோ எடையோடு ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். மூன்று சண்டைகளும் சேர்ந்தே ஐந்து நிமிடத்தளவுதான்.

அப்படியென்றால் கிரேசி குடும்பம் வளர்த்த ஜியு-ஜிட்சுதான் விடை என்று உங்கள் நண்பர் ஒருவர் சொல்லக்கூடும். ஆனால் சில ஆண்டுகளிலேயே மார்க் கோல்மன் போன்ற மல்யுத்தக்காரர்கள் மேலெழுந்தார்கள். 1997 ஜூலையில் அதே கோல்மனை, கிக்பாக்ஸிங்கிலிருந்து வந்த மாரிஸ் ஸ்மித் வென்றார். தரையில் சிக்கினாலும் பதறாமல் தாக்குப்பிடித்து எழுந்து நிற்க அவர் அதற்குள் கற்றிருந்தார். ஷோட்டோகான் கராத்தேயிலிருந்து வந்த லியோட்டோ மச்சிடா 2009இல் யு.எஃப்.சி. பட்டம் வென்றார். நம் நாட்டில் மல்யுத்தத்திலிருந்து ரிது போகாட் எம்.எம்.ஏ.வுக்கு வந்தார். 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண்ணான பூஜா தோமர் சீனத் தற்காப்புக் கலையான வூஷுவிலிருந்து வந்தவர். இவர்கள் வந்த கலைகள் வெவ்வேறு. எதிர்த்து நிற்பவரோடு பல்லாண்டு பழகியது மட்டும் எல்லாருக்கும் பொது.

இனி உங்கள் நான்கு இடங்கள். கராத்தே பள்ளியை நான் ஒதுக்கமாட்டேன், ஆனால் அங்கே உடலில் அடி விழும் சண்டைப் பயிற்சி வாரத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள். கட்டாவும் பெல்ட் தேர்வும்தான் என்றால் வேண்டாம். புதிய ஜிம்மில், சொல்லித்தருபவர் எந்தக் கலையில், யாரிடம் பழகினார், எந்தப் போட்டிகளில் இறங்கினார் என்று கேளுங்கள். பயிற்சியாளர் பிடிக்கும் பேடில் (அடிதாங்கும் திண்டு) அடிப்பதும் கயிறு தாண்டுவதும் உடலுக்கு நல்லதுதான். ஆனால் மேட்டில் இருவர் கட்டிப் புரளும் காட்சி ஒருநாளும் கண்ணில் படவில்லையென்றால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது உடற்பயிற்சிக் கூடம்தான்.

என் மனம் ஜூடோ பக்கமே சாய்கிறது. விழுவதற்குப் பயந்தவரால் இந்த விளையாட்டில் எதையும் துணிந்து செய்ய முடியாது. ஜூடோவில் முதலில் சொல்லித்தருவதே விழுவது எப்படி என்பதுதான். தலையிலும் அடி விழுவதில்லை என்பதால் உங்கள் அப்பாவின் கவலைக்கும் அதுவே ஓரளவு பதில். ஓராண்டு கழித்து அதே வழியில் இருக்கும் குத்துச்சண்டை கிளப்பை வாரம் இருநாள் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு இடங்களிலும் கோச் பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பட்டயம் பெற்றவரா என்று விசாரியுங்கள். 'என்.ஐ.எஸ். கோச்' என்று சொல்வார்கள். அந்தப் பட்டயம் இல்லாத நல்ல ஆசான்களும் இருக்கிறார்கள். எனினும் அது ஒரு நல்ல அடையாளம்.

சேர்வதற்கு முன் ஒரு மாலை முழுவதும் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். வேடிக்கை பார்க்க அனுமதிக்காத இடத்தில் சேர வேண்டாம். புதியவரைப் புதியவரோடு மோதவிடுகிறார்களா, அனுபவமுள்ளவரிடம் ஒப்படைக்கிறார்களா என்று கவனியுங்கள். ஒருவர் தட்டியதும் மற்றவர் அந்த நொடியே விடுகிறாரா? கனத்த பையன் ஒருவன் சிறியவனைப் போட்டு அடிக்கும்போது கோச் குறுக்கே வருகிறாரா, கைபேசியில் இருக்கிறாரா? வகுப்பு முடிந்ததும் மேட்டைக் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்களா? படர்தாமரை வந்து ஒரு மாதம் வீட்டில் இருக்க நேர்ந்தவர்களுக்குத் தெரியும், இது சின்ன விஷயம் இல்லை என்று.

தலையைப் பற்றி ஒரு கேள்வியைக் கூச்சமின்றிக் கேளுங்கள்: அடிபட்டு மயங்கியவரை எத்தனை நாள் கழித்து மீண்டும் ஸ்பாரிங்குக்கு (ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகும் பயிற்சி) விடுவீர்கள்? தலையில் விழுந்த அடியால் நாக்-அவுட் ஆனவரை அமெச்சூர் குத்துச்சண்டை விதிகள் குறைந்தது 30 நாட்கள் ஒதுங்கியிருக்கச் சொல்கின்றன. "அடுத்த நாளே வந்துவிடுவான், அவன் வீரன்" என்று பதில் வந்தால், தம்பி, அந்த வாசலை விட்டு இறங்கிவிடுங்கள். எடையைக் குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் வியர்க்கவைக்கும் பழக்கத்தைப் பெருமையாகச் சொல்லும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். 2015 டிசம்பரில் மணிலாவில் போட்டிக்கு முன் அப்படி எடை குறைத்த 21 வயதுச் சீன வீரர் ஒருவர் உயிரிழந்தார். உங்களைவிட இரண்டே வயது மூத்தவர்.

மூன்றாண்டுச் சிலம்பம் வீணாகாது. எட்டும் தூரத்தைக் கண்ணால் அளப்பதும் காலடி மாற்றி விலகுவதும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், குத்துச்சண்டைக்குப் போகும்போது அது தெரியவரும். ஆனால் அதை நினைத்து முதல் மாதமே போட்டியைப் பற்றிப் பேசாதீர்கள். இரண்டு ஆண்டுகள் ஒரே இடத்தில் தொடர்ந்து பழகுங்கள். தினம் இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தையும் கல்லூரித் தேர்வையும் கணக்கில் வைத்து, வாரம் நான்கு நாள் உறுதியாகப் போக முடியுமா என்று இப்போதே பாருங்கள். முடியாதென்றால், அருகிலுள்ள கராத்தே பள்ளியில் உண்மையான சண்டைப் பயிற்சி இருக்கும் பட்சத்தில் அதுவே உங்களுக்கு மேல்.

முதல் மாதம் முடிந்ததும் எழுதுங்கள். யாரிடம் எப்படி மாட்டித் தட்டினீர்கள், அதிலிருந்து வெளியே வர யார் சொல்லிக்கொடுத்தார் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.