பக்கத்துத் தோட்டத்தில் இரட்டிப்புத் தேன், நம் பெட்டியில் ஏன் இல்லை?

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் எட்டு தேனீப் பெட்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அடுத்த தோட்டக்காரரும் எட்டுப் பெட்டிதான் வைத்திருக்கிறார். அவருக்கு என்னைப்போல் இரண்டு மடங்கு தேன் வருகிறது. போதாக்குறைக்கு, நான் எடுத்து வைத்த தேன் நான்கு மாதத்தில் நுரைத்துப் புளித்துவிட்டது. எங்கே தவறுகிறேன்?"

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. கூட்டங்களை ஜனவரிக் கடைசியில் பிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மரம் இலை உதிர்த்துத் துளிர்த்த பிறகு, இலைக்காம்பு நுனியிலுள்ள சுரப்பிகளில் ஊறும் இனிப்பைத்தான் ஈக்கள் உறிஞ்சுகின்றன. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் அந்த வரத்து. நம் இந்தியத் தேனீயில் முட்டை வேலைக்கார ஈயாக வெளிவரச் சுமார் 20 நாள் ஆகும். அப்புறம் இரண்டு மூன்று வாரம் கூட்டுக்குள் வேலை பார்த்துவிட்டுத்தான் வெளியே பறக்கும். அதாவது, பிப்ரவரி நடுவில் தேன் கொண்டுவரும் ஈ ஜனவரித் தொடக்கத்திலேயே முட்டையாக இருந்திருக்க வேண்டும். நீங்களோ ஜனவரிக் கடைசியில் கூட்டத்தை இரண்டாக்கிவிட்டீர்கள். வரத்துக் காலம் முழுவதும் அவை ஆள் சேர்ப்பதிலேயே போயிருக்கும்.

பிரிப்பதை அக்டோபர், நவம்பரில் முடித்துவிடுங்கள். ஜனவரியில் வாரம் ஒருமுறை புழு அறையை (ராணி முட்டையிட்டுப் புழு வளரும் கீழ்ப் பெட்டி) திறந்து, அடையின் அடி விளிம்பில் நிலக்கடலை போலத் தொங்கும் ராணி அறைகளைப் பாருங்கள். புது ராணி வளரும் இடம் அது; கூட்டம் பிரிந்து பறக்கப்போவதன் அடையாளம். இளம் ராணியுள்ள நல்ல கூட்டத்தில் அவற்றைக் கிள்ளிவிடலாம். நெருக்கடி குறையாவிட்டால் திரும்பக் கட்டும் என்பதால், புழு அறையில் அடை கட்டிய மரச்சட்டங்களை ஈக்கள் மூடி நின்றதுமே மேலே தேன் அறையை (தேன் சேர்க்கும் மேல் பெட்டி) ஏற்றுங்கள். வயதான ராணி என்றால் மாற்றுவதே நல்லது.

ஜூனில் தொடங்கும் மழைக்காலப் பஞ்சத்தில் சர்க்கரைப் பாகு (ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர்) மாலையில், பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பகலில் வைத்தால் பக்கத்துக் கூட்டம் கொள்ளையடிக்க வரும். ஆனால் தேன் அறை ஏற்றிய பிறகு ஒரு சொட்டுக்கூட வேண்டாம். பாகு தேனறைக்குப் போனால் தேனில் சுக்ரோஸ் (சாதாரணச் சர்க்கரை) கூடும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி அது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சரி, புளிப்புக்கு வருவோம். வாரம் தவறாமல் தேன் எடுப்பதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். ஈ கொண்டுவரும் திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர். சிறகால் விசிறி வற்றவைத்து, பதம் வந்த பிறகே மெழுகு மூடி போடும். நீங்கள் மூடி போடுமுன் எடுத்தால் தண்ணீரைத்தான் எடுக்கிறீர்கள். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் தேனிலேயே இருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு புளிக்கவைக்கும். ரப்பர் தேன் சீக்கிரம் உறைவது இன்னொரு சிக்கல். கட்டி அடியில் தங்க, மேலே நிற்கும் திரவத்தில் ஈரம் இன்னும் கூடும். நுரை அங்கிருந்துதான் கிளம்பும்.

அடையின் கண்ணறைகளில் முக்கால்வாசி மெழுகால் மூடியிருந்தால் மட்டும் சட்டத்தை எடுங்கள். சந்தேகம் வந்தால் சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து மெல்ல உதறுங்கள். சொட்டினால் அது பச்சைத் தேன், திரும்ப வைத்துவிடுங்கள். முடிந்தால் தேனின் ஈரத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவி வாங்குங்கள். தேன் விற்பவருக்கு அது ஆடம்பரமில்லை. புழு அறையில் தேன் இருந்தாலும் கை வைக்காதீர்கள். புழுச்சாறு கலக்கும், கூட்டமும் பட்டினியில் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும்.

தேனை நேரடித் தீயில் காய்ச்சவே வேண்டாம். கொஞ்சம் சூடாக்கித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, 60–65 டிகிரியில் சில நிமிடம் போதும். பிறகு வடிகட்டி, ஈரமில்லாத பாத்திரத்தில் காற்றுப் புகாமல் மூடுங்கள்; தேன் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும்.

ஒரு எச்சரிக்கை. பலமான கூட்டத்தின் புழுச் சட்டத்தைப் பலவீனமானதற்குக் கொடுப்பது பழக்கம்தான். ஆனால் புழுக்கள் பை போல உப்பிச் செத்துக் கிடக்கும் பெட்டியிலிருந்து எதையும் மாற்றாதீர்கள். புழுக்களை அப்படிக் கொல்லும் தாய்லாந்து சாக் புரூட் (Thai sacbrood) வைரஸ் 1991–92இல் தென்னிந்தியத் தேனீ வளர்ப்பையே சாய்த்தது. அதற்கு மருந்து கிடையாது.

ஏற்கெனவே நுரைத்த தேனை நல்லதோடு கலக்காதீர்கள். காய்ச்சினால் நுரை அடங்கும், புளிப்பு போகாது. ஈக்களுக்கே தீனியாக வைத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம், அவற்றுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும்.