நீல டிக்குக்கு 12,000 ரூபாயா?

கேள்வி: நாளிதழ் ஒன்றில் பதினேழு ஆண்டுகளாகத் தாலுகா நிருபராக இருக்கிறேன். ஃபேஸ்புக்கில் வாசகர்களைச் சேர்க்கச் சொல்லி அலுவலகத்தில் நெருக்குகிறார்கள். நண்பர்கள் கணக்கு 5,000 நிரம்பிவிட்டது. செய்தி லிங்க் போட்டால் ஏழெட்டு லைக் விழுகிறது, அதுவும் சொந்தக்காரர்கள். 12,000 ரூபாய் கொடுத்தால் இருபதாயிரம் ஃபாலோயர்களும், பெயருக்குப் பக்கத்தில் வருமே அந்த நீல டிக்கும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் போனது போகட்டும், மீதியையாவது காப்பாற்றுங்கள்.

நீங்கள் போடும் பதிவை ஃபேஸ்புக் எல்லோருக்கும் காட்டாது. நின்று படித்து, பதில் எழுதுகிறவர்கள் இருந்தால்தான் அதிகம் பேருக்குப் போகும். காசுக்கு வரும் இருபதாயிரமும் ஆளில்லாத கணக்குகள். பந்தியில் பொம்மைகளை உட்காரவைத்து ‘சாம்பார் போதுமா?’ என்று கேட்பது மாதிரி. இப்போது எட்டிப் பார்க்கிற சொந்தக்காரர்களுக்குக்கூட உங்கள் பதிவு போவது குறையலாம்.

நீல டிக்கில் இப்போது பெரிய மரியாதையும் இல்லை. ட்விட்டர் தன் பழைய இலவச டிக்குகளை 2023 ஏப்ரலில் பிடுங்கிவிட்டது, சந்தா கட்டினால் டிக். ஃபேஸ்புக்கிலும் அதே ஆண்டு இந்தியாவில் சந்தா முறை வந்தது. அடையாள அட்டையைக் காட்டி, மாதப் பணத்தை நீங்களே கட்டலாம். நடுவில் இவர் எதற்கு? உங்கள் ஓடிபிக்கு! ‘ஒரு நிமிஷம், நம்பர் வந்திருக்கும் பாருங்க சார்’ என்பார். சொன்னீர்களோ, மறுநாள் உங்கள் பக்கத்தில் வேறு யாரோ கடை விரித்திருப்பார்கள். ‘காப்பிரைட் புகார் வந்திருக்கிறது, 24 மணி நேரத்தில் உங்கள் பக்கம் முடக்கப்படும்’ என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா பெயரில் வரும் மெசேஜும் இதே தொழில்தான். ‘பிரஸ்’ ஸ்டிக்கரும் ஐடி கார்டும் விற்றுக்கொண்டிருந்தவர்கள் இப்போது டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று போர்டு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, வாசகரை எப்படிச் சேர்ப்பது? செய்தி முடிந்தபின் லிங்க் போடுவதை விட்டு, எழுதும் முன்பே கேள்வி போடுங்கள். 2016இல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் டேவிட் ஃபாரன்தோல்ட், ட்ரம்ப் உண்மையிலேயே எந்தெந்தத் தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தார் என்று தேடினார். யாரையெல்லாம் விசாரித்தேன் என்று கையால் எழுதிய பட்டியலைப் படமெடுத்து ட்விட்டரில் போட்டு, ‘உங்களுக்கு ஏதாவது தெரியுமா?’ என்று கேட்டார். ட்ரம்ப் அறக்கட்டளைப் பணத்தில் 10,000 டாலருக்கு வாங்கிய ட்ரம்பின் உருவ ஓவியம் அவருடைய சொகுசு விடுதியிலேயே தொங்குகிறது என்பதை வாசகர்கள்தான் துப்புக் கொடுத்துக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்திகளுக்கு 2017இல் புலிட்சர் பரிசு.

உங்களுக்கு வாஷிங்டன் வேண்டாம். ‘பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறையில் எவ்வளவு வாங்குகிறார்கள்? ரசீது தந்தார்களா?’ என்று ஒரு படத்தோடு கேளுங்கள். பத்துப் பேர் பதில் சொல்வார்கள். நேரில் போய்ச் சரிபார்த்து எழுதுங்கள். அச்சானதும் அதே பதிவுக்குத் திரும்பி வந்து, என்ன தெரிந்தது என்று நான்கு வரியில் சொல்லுங்கள். தப்பு வந்திருந்தால் அதையும் அங்கேயே திருத்துங்கள். இப்படித் திரும்பி வருவதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பஞ்சாயத்துக் குளறுபடியைச் சொல்ல நினைப்பவர் அங்கே வாய் திறப்பாரா? வாட்ஸ்அப் சேனலில் சேர்ந்தால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. அவர்கள் உங்களுக்குத் தகவல் சொல்ல மட்டும் இரண்டாவது சிம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கேட்டுவிட முடியாது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தை சம்பந்தப்பட்ட வழக்கில் பொதுவெளியில் எதையும் கேட்காதீர்கள். போக்சோ சட்டத்தின் 23வது பிரிவு பெயரை மட்டும் தடுக்கவில்லை. முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதுவும் கூடாது. குழந்தையின் நலனுக்கென்று சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தால்தான் உண்டு. முகத்தை மங்கலாக்கிவிட்டுப் பின்னால் பள்ளிச் சுவரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஒழுங்காக எழுதினாலும், கீழே ஊர்க்காரர் ஒருவர் ‘அந்த டெய்லர் மகளா?’ என்று கமென்ட் போடுவார். அதை உடனே நீக்குங்கள். அந்த மாதிரிச் செய்திக்குக் கமென்ட்டையே மூடிவிடுவது இன்னும் நல்லது. தண்டனை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஊழியர் செய்த தவறுக்குப் பத்திரிகை உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது சட்டம். ஆனால் ‘அவர் பகுதிநேரம்தானே, எங்கள் ஊழியர் இல்லையே’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அது ஒரு தனி எரிச்சல். லைன் கணக்கில் சம்பளம், விளம்பரமும் நீங்களே பிடிக்கவேண்டும், இப்போது உங்கள் டேட்டாவில் அவர்களுக்கு வாசகரும் சேர்க்கவேண்டுமாம். எனக்குத் தெரிந்த நிருபர் ஒருவர் பத்திரிகைப் பெயரிலேயே பக்கம் தொடங்கி, ஆறு வருடம் வளர்த்தார். வேலையை விட்ட அன்றே பாஸ்வேர்டு கேட்டார்கள், கொடுத்துவிட்டு வந்தார். உங்கள் பக்கத்தை உங்கள் பெயரிலும் உங்கள் எண்ணிலும் வைத்துக்கொள்ளுங்கள்.