கிளைடரில் (எஞ்சின் இல்லாத விமானம்) மூக்கு வென்ட்டை, அதாவது முன்முனையிலுள்ள காற்றுத் துளையை, முழுக்கத் திறந்தும் காற்று வருவதில்லையே, ஏன்?

பெரும்பாலும் கோளாறு காற்று நுழையும் வழியில் இல்லை, வெளியேறும் வழியில்தான். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் மூக்குத் துளையில் சுமார் 470 பாஸ்கல் அழுத்தம் கிடைக்கும், அது தாராளம். ஆனால் விமானி அமரும் காக்பிட்டிலிருந்து காற்று வெளியே போக இடமில்லாவிட்டால் உள்ளழுத்தம் ஏறி வரத்து நின்றுவிடும். அடைபட்ட காற்று, காக்பிட்டின் மேலுள்ள ஒளி ஊடுருவும் மூடியான கனோப்பியின் விளிம்பில் பீறிடும். அங்கே கேட்கும் விசில் சத்தம் அதுதான். வெளியே விமான உடலை ஒட்டி ஓடும் சீரான காற்றையும் அது கலைத்து இழுவையை (காற்றின் தடையை) கூட்டும்.

முதலில் இருக்கைக்குப் பின்னால் பாருங்கள். பல கிளைடர்களில் காற்று வால்பகுதிக்குள் போய் சுக்கான் (வாலில் அசையும் திருப்புப் பலகை) இடுக்கு வழியே வெளியேறும். அந்தத் திறப்பை அடைத்துக்கொண்டு யாராவது பையைத் திணித்திருப்பார்கள். மூக்கிலிருந்து வரும் குழாய் இணைப்பில் கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகுதான் கனோப்பி விளிம்பின் கசிவை அடைக்க நுரைப் பட்டை. மெல்லியதாக ஒட்டுங்கள். தடித்தால் பூட்டு முழுதாக விழாது. ஏவும்போதே கனோப்பி திறந்துகொள்ளலாம்.

அதுவும் போதாவிட்டால், கனோப்பிக்குப் பின்னே உடலின் மேல்புறத்தில் பின்னோக்கிய வாய் கொண்ட எக்ஸ்ட்ராக்டர் (காற்றை வெளியேற்றும் திறப்பு) வைக்கலாம். இறக்கைக்கு அருகில் அங்கே அழுத்தம் குறைவு, அதனால் உள்காற்றை உறிஞ்சும். உடலில் துளையிடும் வேலை இது. தயாரிப்பாளரின் டெக்னிக்கல் நோட்டும் (மாற்றத்துக்கான குறிப்பு) இன்ஸ்பெக்டரின் ஒப்புதலும் இல்லாமல் டிரில்லை எடுக்காதீர்கள்.