பாடம் காய் நகர்த்தலிலேயே இருக்கட்டும்

கேள்வி: பெருக்கல், வகுத்தல் பழக ஒரு கணினி விளையாட்டு செய்திருக்கிறேன். ஓடலாம், தாவலாம், நாணயம் சேர்க்கலாம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஐந்து கணக்கு வரும். பிள்ளைகள் ஆசையாக ஆடுகிறார்கள், ஆனால் கணக்கு வந்ததும் ஏதோ ஒரு விடையைத் தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. உங்கள் விளையாட்டில் கணக்கு வாசலில் நிற்கிற காவலாளி மாதிரி நிற்கிறது, யாராக இருந்தாலும் அதைத் தாண்டிப் போகத்தான் பார்ப்பார்கள். எந்தக் கற்றல் விளையாட்டைப் பார்த்தாலும் நான் முதலில் கவனிப்பது, ஆட்டம் மும்முரமாக ஓடும்போது ஆடுகிறவரின் மனம் எதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான். எதை யோசிக்கிறோமோ அதுதான் நினைவில் தங்கும். உங்கள் பிள்ளைகள் எப்போது தாவுவது என்றே யோசிக்கிறார்கள், அதனால் தாவுவதில் கெட்டிக்காரர்கள் ஆகிறார்கள்.

இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹாப்குட், ஐன்ஸ்வொர்த் என்ற இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது, விளையாட்டின் பெயர் 'ஸோம்பி டிவிஷன்'. எலும்புக்கூடுகள் வரும், ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு எண் இருக்கும், அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற தாக்குதலைத் தேர்ந்தெடுத்தால்தான் அது விழும். 15 என்று எழுதியிருந்தால் 2 உதவாது, 3 அல்லது 5 வேண்டும். அதே விளையாட்டின் இன்னொரு வடிவத்தில் எலும்புக்கூடுகள் மேல் எண் கிடையாது, வகுத்தல் கணக்குகள் கட்டத்தின் முடிவில் தனியாக வினாடிவினாவாக வந்தன, உங்களுடையது போலவே. ஒரே அளவு நேரம் ஆடியபோது முதல் வடிவத்தை ஆடிய பிள்ளைகள்தான் அதிகம் கற்றார்கள். விருப்பப்படி ஆடலாம் என்று விட்டபோது, மற்றதைவிட ஏழு மடங்கு நேரம் அதிலேயே இருந்தார்கள். கணக்கை ஒளித்து வைத்தால்தான் பிள்ளைகள் ஆடுவார்கள் என்று பயப்படுகிற எல்லோரும் இந்த ஏழு மடங்கைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே விளையாட்டைத் தூக்கிப் போட வேண்டாம், தாவலையே கணக்காக்குங்கள். முன்னால் மூன்று கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எண், ஏழின் மடங்காக இருக்கிற கல் மட்டும்தான் தாங்கும். 54 மேல் கால் வைத்தால் உடைந்துவிடும், உடைந்த இடத்திலேயே 'ஏழேழு 49, எட்டேழு 56' என்று காட்டுங்கள், வெறும் சிவப்புக் குறி போட்டால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. அப்புறம், ஆரம்பத்தில் கடிகாரமே வேண்டாம். கணக்குத் தெரியாத பிள்ளையை நேரத்தை வைத்து நெருக்கினால் அது ஊகிக்கத்தான் பழகும். கணக்கு கைவந்த பிறகு வேகத்தைச் சேர்க்கலாம்.

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. எண்கள் பழக ஏதாவது செயலி வாங்கட்டுமா, அட்டையில் ஆடுகிற விளையாட்டு போதுமா?

பதில்: அட்டை தாராளமாகப் போதும், வீட்டிலேயே வரைந்துகொள்ளலாம். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்தியது அவ்வளவு எளிமையான அட்டைதான்: ஒரே வரிசையில் பத்துக் கட்டம், 1 முதல் 10 வரை எண்கள், சுழற்றினால் 1 அல்லது 2 விழும். காய் 3-இல் நின்று 2 விழுந்தால் குழந்தை 'நாலு, அஞ்சு' என்று சொல்லிக்கொண்டே நகர்த்த வேண்டும். இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 15 நிமிடம், அவ்வளவுதான். எது பெரிய எண், ஒரு கோட்டில் எந்த எண் எங்கே வரும் என்பதிலெல்லாம் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள், ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட அட்டையில் ஆடிய குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டியது ஒன்றுதான். 3-இலிருந்து நகரும்போது குழந்தை 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணும், பல குழந்தைகளும் அப்படித்தான் எண்ணும். அப்போது 'நாலு, அஞ்சு' என்று கட்டத்தில் இருக்கிற எண்ணைச் சொல்ல வையுங்கள். ஒன்றிலிருந்தே எண்ணினால் குழந்தை கட்டத்திலுள்ள எண்ணைப் பார்க்கவே தேவையில்லாமல் போய்விடுகிறது, பலனும் குறைகிறது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு நாள் முழுக்கப் பாதுகாப்புப் பயிற்சி, மாலையில் தேர்வு. எல்லோரும் தேறிவிடுகிறார்கள், இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார்கள். விளையாட்டாக மாற்றினால் சரியாகுமா?

பதில்: முதலில் கால அட்டவணையை மாற்றுங்கள், விளையாட்டு அப்புறம். அன்று மாலையே வைக்கிற தேர்வு உங்களை ஏமாற்றுகிறது. ரோடிகர், கார்ப்பிக் 2006-இல் செய்த சோதனையில் ஒரு குழு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப நான்கு முறை படித்தது, இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு மூன்று தடவை பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிடம் கழித்து, படித்த குழுவுக்குப் பாடத்தில் 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிய குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதியவர்கள் 61-இல் இருந்தார்கள்.

அதனால் அந்த ஒரு நாளைத் துண்டு துண்டாக உடையுங்கள். இரண்டு நாள் கழித்துப் பத்து நிமிடம், ஒரு வாரம் கழித்துப் பத்து நிமிடம், ஒரு மாதம் கழித்து இன்னொன்று. ஒவ்வொன்றிலும் முதலில் சூழ்நிலையைக் கொடுத்து 'இப்போது என்ன செய்வீர்கள்?' என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொன்ன பிறகுதான் விடையைக் காட்ட வேண்டும். தீ, மின்கசிவு, வாயுக்கசிவு எல்லாவற்றையும் கலந்து கொடுங்கள், தீ என்று தலைப்புப் போட்டுவிட்டுத் தீயைப் பற்றியே பத்துக் கேள்வி கேட்டால் இது எந்த வகை ஆபத்து என்று கண்டுபிடிக்கிற வேலையே அவர்களுக்கு இருக்காது, நிஜத்தில் தடுமாறுவதோ அந்த இடத்தில்தான். கணக்கில் இதைச் சோதித்த ரோரர், டெய்லர் (2007) பயிற்சியின்போது கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான் சரியாகச் செய்தார்கள், ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகச் செய்தவர்கள் 89 என்று கண்டார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அது தலைகீழானது: கலந்து செய்தவர்கள் 63, தனித்தனியாகச் செய்தவர்கள் 20.

பயிற்சியில் மதிப்பெண் குறையும், ஆட்கள் முணுமுணுப்பார்கள், மேலதிகாரி ஏன் என்று கேட்பார். தயவுசெய்து அதற்காகப் பின்வாங்காதீர்கள். முதல் நாளில் மட்டும் புதியவர்களைக் கேள்விகளுக்குள் தள்ளாமல், சரியாகச் செய்து முடித்த இரண்டு மூன்று உதாரணங்களைப் படிப்படியாகக் காட்டிவிடுங்கள். முற்றிலும் புதிய விஷயமென்றால் மனம் ஒரே நேரத்தில் மூன்று நான்கு துணுக்குகளுக்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளாது.

கேள்வி: புள்ளி, பதக்கம், தரவரிசை எல்லாம் வைக்கலாமா?

பதில்: ஏற்கெனவே ஆசையாகச் செய்கிற விஷயத்துக்கு வைக்காதீர்கள். லெப்பரும் அவருடைய சகாக்களும் 1973-இல், படம் வரைவதில் விருப்பமுள்ள சிறு குழந்தைகளிடம் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பின்னர் பரிசில்லாமல் சும்மா விட்டபோது அந்தக் குழந்தைகள் மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். புள்ளி வேண்டுமென்றால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று காட்டுகிற அளவுக்கு இருக்கட்டும். தரவரிசை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, கடைசியில் இருக்கிறவருக்கு அதிலிருந்து கற்க ஒன்றுமில்லை.

கேள்வி: நினைவாற்றலை வளர்க்கும் என்று சொல்கிற மூளைப் பயிற்சிச் செயலிகள் உண்மையிலேயே உதவுமா? பெயர்கள் அடிக்கடி மறக்கின்றன.

பதில்: அந்தச் செயலியில் இருக்கிற விளையாட்டில் தேர்ச்சி வரும். அதைத் தாண்டி அன்றாட வாழ்வுக்குப் பலன் பரவுகிறது என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. லுமோசிட்டி நிறுவனம் ஆதாரமில்லாமல் அப்படி விளம்பரம் செய்ததாக அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுக்க, 2016-இல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பெயர்கள் மறக்கின்றனவா? பெயர்களையே பழகுங்கள். புதிதாகச் சந்தித்தவரின் பெயரைப் பேச்சின் நடுவே ஒருமுறை சொல்லுங்கள், அன்று இரவு முகத்தை நினைத்து எழுதிப் பாருங்கள், மூன்று நாள் கழித்து மறுபடி எழுதிப் பாருங்கள்.