மாடித்தோட்டத்துக் குளவிக்கு எந்தக் குடும்பப் பெயர்?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். மாடியில் கம்போஸ்ட் தொட்டியும் கறிவேப்பிலைச் செடியும் உண்டு. எட்டாவது படிக்கும் மகள் பூச்சி சேகரிக்கிறாள். கம்போஸ்ட்டில் கிடந்த ஈக் கூட்டுப்புழுவிலிருந்து வந்த ஒரு குட்டிக் குளவி, கறிவேப்பிலைப் புழுவின் மேல் வெள்ளைக் கூடு கட்டிய ஒன்று, பாத்ரூம் சுவரில் பிடித்த கறுப்பு ஒன்று என மூன்று வைத்திருக்கிறாள். முதலாவதற்கு என் பழைய எம்.எஸ்சி. புத்தகம் டெரோமாலிடே என்கிறது, செல்போன் ஆப் ஸ்பலாஞ்சிடே என்கிறது. இணையத்தில் கிடைத்த குடும்பப் பட்டியலில் நிறைய பெயர்களுக்கு முன்னால் † குறி வேறு. எதை நம்பி லேபிள் எழுதுவது?

பதில்: புத்தகமும் சரி, ஆப்பும் சரி. ஒன்று பழைய ஆண்டின் பெயர், மற்றது புதிய ஆண்டின் பெயர், அவ்வளவுதான். அதனால் லேபிளில் பெயரோடு ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள். அருங்காட்சியகங்களில் ஒரு பூச்சிக்கு இரண்டு சீட்டு வைப்பார்கள். முதல் சீட்டில் இடம், தேதி, எதிலிருந்து வந்தது, யார் பிடித்தது என்ற விவரம் இருக்கும். அது எந்தக் காலத்திலும் மாறாது. இரண்டாவது சீட்டில் பூச்சியின் பெயர், பெயர் சொன்னவர், ஆண்டு. வகைப்பாடு மாறினால் மூன்றாவதாக ஒரு சீட்டைச் சேர்க்க வேண்டுமே தவிர, பழையதைக் கிழித்துப் போடக்கூடாது. குளவியை ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருந்தால் சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை கரைந்துவிடும்.

இனி அந்த கம்போஸ்ட் குளவி. சால்சிட் குளவிகள் என்ற பெருங்குடும்பத்தில் டெரோமாலிடே பல காலம் ஒரு பரண் மாதிரி இருந்தது. வேறெந்தக் குடும்பத்திலும் பொருந்தாததை எல்லாம் அங்கே ஏற்றி வைத்தார்கள். மரபணு ஒப்பீடு வந்த பிறகு, அங்கே இருந்த பல கூட்டங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவே இல்லை என்பது தெளிவாயிற்று. 2022-ல் ஒரு பன்னாட்டுக் குழு அதைப் பிரித்து, உட்குடும்பங்களாக இருந்த பலவற்றைத் தனிக் குடும்பங்களாக உயர்த்தியது. ஸ்பலாஞ்சியா என்ற பேரினம் அப்போதுதான் ஸ்பலாஞ்சிடே என்ற தனிக் குடும்பத்துக்குப் போனது. உங்கள் புத்தகம் அதற்கு முன்னால் அச்சானது.

ஆனால் ஆப் சொன்னதற்காக அப்படியே எழுதிவிடாதீர்கள். அதே ஈக் கூட்டுப்புழுவிலிருந்து பாக்கிகிரெப்பாய்டியஸ் என்ற இன்னொரு குளவியும் வரும், அது இன்றைக்கும் டெரோமாலிடேயில்தான் இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். மொபைல் ரிப்பேர் கடைக்காரர்கள் கண்ணில் மாட்டிக்கொள்வார்களே, அந்த மாதிரி. முகத்தை நேராகப் பாருங்கள். உணர்கொம்பு இரண்டும் முகத்தின் அடியில், வாயை ஒட்டி முளைத்து, தலை சற்று நீண்டு, உடல் பளபளவென்று கறுப்பாக இருந்தால் ஸ்பலாஞ்சியா. உணர்கொம்பு அதைவிட மேலே தொடங்கி, உடல் கட்டையாக இருந்தால் மற்றது. ஆப் பெரும்பாலும் முதுகுப்புறப் படத்தை வைத்துத்தான் சொல்கிறது, முகத்தை அது பார்ப்பதில்லை.

சால்சிட் குளவியா என்று தெரிந்துகொள்ள இறக்கையைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். முன் ஓரத்தில் ஒரே ஒரு நரம்பு ஓடும், மற்ற இடமெல்லாம் கிட்டத்தட்ட வெறுமை. அப்புறம் பாதத்தின் கணுக்களை எண்ணலாம். மூன்று இருந்தால் டிரைக்கோகிரமாடிடே. கரும்புக்கும் நெல்லுக்கும் வயலில் கட்டும் முட்டை ஒட்டுண்ணி அட்டையில் இருப்பது அதுதான். நான்கு இருந்தால் பெரும்பாலும் யூலோஃபிடே. ஐந்து என்றால் மற்றவற்றில் ஒன்று, அங்கே தேடல் நீளும்.

கறிவேப்பிலைப் புழுவின் மேல் இருந்த வெள்ளைக் கூடுகள் பிரகோனிடே குடும்பத்தில் மைக்ரோகாஸ்ட்ரினே என்ற உட்குடும்பத்தினுடையவையாக இருக்க வேண்டும். உறுதி செய்ய, உணர்கொம்பின் கணுக்களை எண்ணச் சொல்லுங்கள். இந்த உட்குடும்பத்தில் அது 18. இவற்றின் ஒன்றுவிட்ட உறவான இக்நியூமோனிடேவில் முன் இறக்கையின் வெளிப்பாதியில் குறுக்கே இரண்டு நரம்புகள் இறங்கும், பிரகோனிடேவில் ஒன்றுதான். விதிவிலக்கு உண்டு, ஆனால் தொடங்குகிறவர்களுக்கு இது நல்ல கைப்பிடி.

இந்த மைக்ரோகாஸ்ட்ரினே கூட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தாய்க் குளவி புழுவுக்குள் முட்டையோடு ஒரு வைரஸையும் சேர்த்துச் செலுத்துகிறது. அந்த வைரஸ் புழுவின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடுவதால் முட்டை தப்பிக்கிறது. வைரஸின் மரபணுக்கள் குளவியின் சொந்த மரபணுத் தொகுப்பிலேயே பதிந்து, பரம்பரையாக வருகின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாதைக் குளவியில் ஒருமுறை ஒட்டிக்கொண்டது, அதன் வாரிசுகளிடம் எல்லாம் இருக்கிறது. அதனால் வைரஸ் இருப்பதே மைக்ரோகாஸ்ட்ரினேயும் அதற்கு நெருங்கிய சில உட்குடும்பங்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. இறக்கை நரம்பை வைத்துச் சண்டை போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பாத்ரூம் குளவி எவானிடே. வயிறு சிறியதாய், பக்கவாட்டில் தட்டையாய், மார்பின் மேற்புறத்தில் ஒரு மெல்லிய காம்பில் ஒட்டிக்கொண்டு மேலும் கீழும் ஆடுகிறதா? வேறு எதையும் பார்க்க வேண்டாம். கரப்பான் பூச்சியின் முட்டைப் பைக்குள் இது ஒரு முட்டை இடும். வருகிற புழு பைக்குள் இருக்கும் கரப்பான் முட்டை எல்லாவற்றையும் தின்று தீர்க்கும். ஆட்களைக் கொட்டாது. ஸ்பிரே அடித்துக் கொல்கிறவர்கள் கரப்பானுக்குத்தான் உதவி செய்கிறார்கள்.

† குறிக்கு வருவோம். அந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு ஒரு சிற்றினமும் இல்லை, புதைபடிவத்தில் மட்டும் கிடைக்கிறது என்று அர்த்தம். எட்டாவது படிக்கிற பெண் அதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மூன்றைக் காட்டுங்கள், ஏனென்றால் உயிரோடு இருக்கும் குடும்பங்களின் உறவு அவற்றைப் பார்த்தால்தான் புரியும். உங்கள் பாத்ரூம் குளவியின் பெருங்குடும்பத்தில் இன்று எவானிடே, காஸ்டெரப்டிடே, ஆலசிடே என்று மூன்றுதான். மூன்றும் பார்வைக்கு வெவ்வேறு. வயிறு மார்பின் மேல்புறத்தில் ஒட்டியிருப்பது மட்டும் பொது. ஜுராசிக் காலத்தில் பிரெயாலசிடே என்ற குடும்பம் இருந்தது. கஜகஸ்தானின் கராத்தாவ் பாறைகளிலும் சீனாவின் உள்மங்கோலியப் பகுதியிலும் கிடைத்திருக்கிறது. அதிலும் வயிறு மேலேதான், ஆனால் இறக்கையில் நரம்புகள் நிறைய. இன்றைய எவானிடேயின் இறக்கையில் அவற்றில் பல இல்லை. இடுப்பு முதலில் மாறியது, நரம்புகள் பிறகுதான் குறைந்தன என்று இதிலிருந்து படிக்க முடிகிறது. உயிருள்ளவற்றை மட்டும் வைத்து இந்த வரிசையைச் சொல்லியிருக்க முடியாது.

குழந்தைக்குப் பிடிக்கும் ஒன்று: 2025-ல் பெயரிடப்பட்ட சைரெனோபெத்திலிடே. மியான்மரின் கச்சின் பகுதி அம்பரில், அதாவது கல்லாய் இறுகிய மரப்பிசினில், கிடைத்த, சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய பெண் குளவிகள். வயிற்றின் நுனியில் மூன்று மடல்கள், ஓரமெல்லாம் முள் மயிர். பூச்சியுண்ணும் செடியின் இலைப் பொறியை நினைவூட்டும் அமைப்பு. முட்டை இடும்வரை இரையை அசையாமல் பிடித்து வைத்திருக்கும் என்று விவரித்தவர்கள் கருதுகிறார்கள். இன்றுள்ள எந்தக் குளவியிடமும் இப்படி ஒரு உறுப்பு இல்லை, அதனால்தான் தனிக் குடும்பம்.

இன்னொரு குழப்பமும் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 'ஒட்டுண்ணிக் குளவிகள்' என்று தனிப் பிரிவு இப்போதைய வகைப்பாட்டில் கிடையாது. பழைய புத்தகங்களில் உண்டு. எறும்பு, தேனீ, கொட்டும் குளவி எல்லாமே ஒட்டுண்ணிகளாக இருந்த ஒரு கிளைக்குள்ளிருந்து பிறகு வந்தவை என்பதால் அந்தப் பிரிவைக் கைவிட்டார்கள். ஒட்டுண்ணி என்பது இப்போது வாழ்க்கை முறையின் பெயர் மட்டுமே.

குடும்பம் மாறினாலும் பேரினம் நிலைக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவுதான். மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்க 2022-ல் சேலம் ஏத்தாப்பூரில் விட்டார்களே அனாகிரஸ் லோபெசி, அதே குளவி 1980-களின் ஆப்பிரிக்க ஆய்வுகளில் எபிடினோகார்சிஸ் என்ற பெயரில் இருக்கிறது. குடும்பம் மட்டும் அன்றும் இன்றும் என்சிர்டிடேதான். எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு: பூச்சி முட்டைகளைத் தாக்கும் டெலினோமஸ் என்ற பேரினத்தின் பெயர் அசையவில்லை, ஆனால் அதன் குடும்பம் சீலியோனிடேயிலிருந்து 2007-ல் பிளாட்டிகாஸ்ட்ரிடேக்குள் போய், 2021-ல் திரும்பி வந்துவிட்டது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் அச்சான எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இந்தச் சிக்கல் தென்படலாம். எனவே இணையத்தில் தேடும்போது பழைய பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.

கம்போஸ்ட் குளவியின் முகத்தைப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் நீங்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம். ஹெப்பாளில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இருக்கிறது. மேலே சொன்ன மரவள்ளிக் குளவியை 2021-ல் நாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். படம் அனுப்புவதாக இருந்தால் முகம், பக்கவாட்டு உடல், விரித்த முன் இறக்கை என்று மூன்று கோணத்தில் எடுங்கள். கூட்டுப்புழுவின் காலிக் கூட்டையும் தூக்கிப் போடாமல் அதே குப்பியில் போட்டு வையுங்கள். எந்த ஈயிலிருந்து வந்தது என்ற கேள்விதான் அவர்கள் முதலில் கேட்பது.