வாசகர் கேள்வி – பதில்: விதையிலிருந்து புல்தரை

கேள்வி: பாலக்கோட்டுக்கு அருகில் புதிதாக வீடு கட்டியிருக்கிறோம். வீட்டின் முன்புறமுள்ள இரண்டு சென்ட் இடத்தில் மார்கழி மாதத்தில் அருகம்புல் விதை தூவினோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகவே முளைத்தது. இப்போது கோரை மண்டிவிட்டது. குறை விதையிலா, மண்ணிலா?

பதில்: விதையைக் குறை சொல்வதற்கு முன் காலத்தையும் நிலத்தையும் பார்க்க வேண்டும். அருகு வெப்பத்தை விரும்பும் புல்லாகும். மண்ணின் வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அதன் முளைப்பு மந்தமாகிவிடும் என்பதால், தருமபுரி மாவட்டத்தின் மார்கழி, தை மாத இரவுகள் அதற்கு ஏற்றவை அல்ல. ஆடியில் விதைத்தால் மண் சூடாகவும் இருக்கும். புரட்டாசி, ஐப்பசி மாதங்களின் பெருமழை வருவதற்குள் புல் வேர் பிடித்தும் விடும். ஆடிக்காற்று விதையை அள்ளிச் செல்லாமலிருக்க, காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் தூவுங்கள்.

அடுத்தது கோரை. அதன் கிழங்குகள் மண்ணுக்குள் இருக்கும்போது மேலே என்ன விதைத்தாலும் பயனில்லை. முதலில் ஓர் அடி ஆழத்துக்குக் கொத்தி, வீடு கட்டியபோது புதைந்துபோன செங்கல் துண்டுகள், ஜல்லி, சிமெண்ட் கட்டிகள் ஆகியவற்றைப் பொறுக்கி எடுங்கள். பிறகு நிலத்தைச் சமன்செய்து, எதையும் விதைக்காமல் தண்ணீர் மட்டும் விட்டு வாருங்கள். இரண்டு மூன்று வாரங்களில் கோரையும் மற்ற களைகளும் தலைகாட்டும். அவற்றை மேலோடு அறுக்காமல் கிழங்கோடு தோண்டி எடுத்து, மீண்டும் ஒருமுறை இதையே செய்யுங்கள். விதை வாங்கியவுடன் தூவிவிட வேண்டும் என்ற அவசரத்தில் பலரும் தவிர்க்கும் வேலை இதுதான்; ஆனால் புல்தரையின் பிற்கால நலம் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான் தீர்மானமாகிறது என்பது என் உறுதியான கருத்து. தண்ணீரை விரைவில் வடியவிடும் சரளை கலந்த செம்மண்ணாக இருந்தால், நன்கு மக்கிய தொழுவுரத்தை ஓர் அங்குல கனத்துக்குப் பரப்பிக் கிளறிவிடுங்கள். ஆட்டுப் புழுக்கையை மக்கவைக்காமல் போட்டால், அதிலுள்ள களை விதைகளும் கூடவே முளைத்துவிடும்.

அருகம்புல் விதை மிக நுண்ணியது. உமி நீக்கிய விதை ஒரு கிலோவில் ஏறக்குறைய 40 இலட்சம் இருக்கும். ஆகவே உங்கள் இடத்துக்கு 250 கிராம் முதல் 400 கிராம் வரை போதும். எள், கேழ்வரகு தூவும்போது மணல் கலப்பதைப் போலவே, இதிலும் இரு மடங்கு சலித்த மணலைக் கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் மீதியைத் தெற்கு வடக்காகவும் தூவினால் திட்டுத் திட்டாக முளைக்காது. அரை சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடக் கூடாது; ஆழமாகப் புதைந்த விதை மேலே வராது. தூவிய பின் லேசாக அழுத்திவிட்டு, வைக்கோலையோ கேழ்வரகுத் தாளையோ மண் தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பரப்புங்கள். குழாயைத் திறந்து பாய்ச்சினால் விதையெல்லாம் பள்ளத்தில் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால், பூவாளியால் நாளுக்கு இரண்டு மூன்று முறை தெளிப்பதே சரி. ஒரு வாரம் முதல் மூன்று வாரத்துக்குள் முளைப்பு தெரியும். அதுவரை மேல்மண் ஒரு நண்பகல்கூடக் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விதைகளை எறும்புகள் இழுத்துச் செல்வதும் உண்டு. வரப்போரங்களில் புற்று இருந்தால் முன்கூட்டியே கவனியுங்கள்.

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் எங்கள் மாமரங்களின் கீழே அருகம்புல் விதைக்கலாமா?

பதில்: வேண்டாம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் அருகு மெலிந்து மறைந்துவிடும். மா ஆண்டு முழுவதும் இலை அடர்ந்து நிற்கும் மரமாதலால், அதன் அடியில் எவ்வளவு விதைத்தாலும் வீண் செலவுதான். ஓரளவு நிழலைத் தாங்கும் எருமைப்புல்லின் தண்டுகளை, வெளிச்சம் விழும் ஓரங்களில் நட்டுப் பார்க்கலாம். மரத்தடியை உதிர்ந்த இலைச் சருகுக்கே விட்டுவிடுவது மரத்துக்கும் நல்லது.

கேள்வி: ஓசூரில் விதைத்த புல் இரண்டு அங்குல உயரத்துக்கு வந்துவிட்டது. எப்போது வெட்டலாம்? தண்ணீரை எப்போது குறைக்கலாம்?

பதில்: இப்போதே முதல் வெட்டைத் தொடங்கலாம். ஆனால் ஒரே முறையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். மண் ஈரமாக இருக்கும்போதும் வெட்டாதீர்கள், இளம் வேர் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இந்த நிலையிலிருந்து தினமும் தெளிப்பதை நிறுத்தி, சில நாட்களுக்கு ஒருமுறை வேர் ஆழம் வரை நனையும்படி விட்டால், வேரும் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும். ஒரு மாதம் கழித்து, 100 சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்ற அளவில் யூரியாவை இலைகள் காய்ந்திருக்கும் நேரத்தில் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். தாமதித்தால் இலை கருகும். குடிநீர்க் குழாய்த் தண்ணீரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோடையில் தண்ணீர் கிடைக்காவிட்டால் அருகு பழுத்து உறங்கிக் கிடக்கும். வேர் நன்கு இறங்கியிருந்தால் அடுத்த மழையில் மீண்டும் துளிர்த்துவிடும்.